முதலில் சென்றடையும் படகு: கடல் மீட்பில் சிறுபடகுக் குழுவினருக்கான விதிகள்

2024 டிசம்பரில் முள்ளிவாய்க்காலை அண்டிய கடலில் திசையிழந்து மிதந்துகொண்டிருந்த ஒரு படகை முதலில் கண்டவர்கள் அப்பகுதிக் கடற்றொழிலாளர்கள். படகில் குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் இருந்தனர். அவர்களுக்கு உணவும் தண்ணீரும் கொடுக்கப்பட்டன. செய்தி கரைக்குப் போனது. பிறகு கடற்படை அவர்களைத் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. கடற்படை வந்தபின் நடந்தவை செய்திகளில் விரிவாக இடம்பெற்றன. இரண்டு மூன்று பேர் மட்டுமே ஏறிய ஒரு சிறு படகு, தன்னைவிடப் பன்மடங்கு பெரியதும் ஆட்கள் நிறைந்து வழிவதுமான ஒரு கலத்தை எப்படி நெருங்க வேண்டும், எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், யாரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்பவற்றுக்கெல்லாம் விதிகள் இருக்கின்றன என்பதும், அவ்விதிகள் அப்படகில் இருப்பவர்களின் கைக்கு எட்டும் மொழியிலும் வடிவத்திலும் இல்லை என்பதும் அந்தச் செய்திகளில் அவ்வளவாகப் பேசப்படவில்லை.

புல்மோட்டையிலிருந்து வெருகல் வரை நீளும் திருகோணமலை மாவட்டக் கரையில் ஓர் ஆபத்து நேரும்போது, அதற்கு மிக அருகில் இருப்பது பெரும்பாலும் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய ஒரு பைபர் படகுதான். திருக்கடலூரிலோ குச்சவெளியிலோ இருந்து தொழிலுக்குப் போன படகாக அது இருக்கலாம். நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகாக இருக்கலாம். மூதூர்ப் பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த படகாகவும் இருக்கலாம். கிழக்குக் கடற்படைக் கட்டளையகம் திருகோணமலையிலேயே இருப்பது இம்மாவட்டத்துக்கு வாய்த்த பெரிய அனுகூலம். ஆனாலும் தகவல் போய், கட்டளை பிறந்து, கலம் புறப்பட்டு வந்துசேரும் வரைக்குமான நேரம் சிறுபடகுக்காரரின் பொறுப்பில்தான் கழிகிறது. அந்த நேரத்தை ஆள்கின்ற விதிகளைப் பற்றியதே இக்கட்டுரை.

கடமை யாருக்கு?

1912 இல் டைட்டானிக் மூழ்கியதைத் தொடர்ந்து 1914 இல் உருவான, சோலாஸ் என்று அழைக்கப்படும் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேசச் சமவாயம், இன்று அதன் 1974 ஆம் ஆண்டு வடிவத்தில் நடைமுறையில் இருக்கிறது. அதன் பெரும்பாலான அத்தியாயங்கள் பெரிய வணிகக் கப்பல்களுக்கும் பயணிகள் கப்பல்களுக்கும் உரியவை. ஐந்தாம் அத்தியாயம் மட்டும் வேறு: போர்க்கப்பல்கள் போன்ற சில விலக்குகளைத் தவிர, எல்லாப் பயணங்களிலும் ஈடுபடும் எல்லாக் கலங்களுக்கும் அது பொருந்தும். மீன்பிடிக் கலங்களுக்கும் சிறு கலங்களுக்கும் கருவிகள் முதலியவை தொடர்பான சில விதிகளில் தளர்வு தர அரசுகளுக்கு இடமுண்டு. ஆனால் தளர்வு தரக்கூடிய விதிகளின் பட்டியலில் 33 ஆவது விதி இல்லை. ஆட்கள் கடலில் ஆபத்தில் இருப்பதாக எந்த வழியில் தகவல் கிடைத்தாலும், உதவக்கூடிய நிலையில் இருக்கும் கலத்தின் தலைவர் முழு வேகத்தில் அங்கே செல்லக் கடமைப்பட்டவர் என்று சொல்வது அந்த விதிதான். ஆபத்தில் இருப்பவர் எந்த நாட்டவர், எந்தத் தகுதியில் அங்கே வந்தவர், எந்தச் சூழலில் அகப்பட்டவர் என்ற கேள்விகள் இக்கடமையைக் குறைப்பதில்லை என்பதையும் அதே விதி வெளிப்படையாகச் சொல்கிறது. இலங்கை 1994 இல் ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் கடற்சட்டச் சமவாயத்தின் 98 ஆவது உறுப்புரையிலும் இதே கடமை இருக்கிறது; அங்கே அது, தன் கொடியின் கீழ் ஓடும் கலங்களின் தலைவர்களிடம் இதை வலியுறுத்தும்படி அரசுக்கு இடப்பட்ட கட்டளையாக அமைந்திருக்கிறது.

இந்த ஏற்பாடுகளில் சிறுபடகுக்காரர் கவனிக்க வேண்டிய வரையறை ஒன்று உண்டு. தன் கலத்துக்கும் அதில் உள்ளவர்களுக்கும் பாரதூரமான ஆபத்து நேராத அளவுக்கே உதவும் கடமை இருக்கிறது என்று கடற்சட்டச் சமவாயம் கூறுகிறது. போக முடியாது என்று தலைவர் முடிவெடுத்தால், அதற்கான காரணத்தைக் கப்பலின் பதிவேட்டில் எழுதி, மீட்புச் சேவைக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது சோலாஸ். பைபர் படகில் பதிவேடு இல்லை. ஆகவே, நான்கடி அலையில் பதினெட்டடிப் படகைத் திருப்பிக்கொண்டு கரைக்கு வருபவர் செய்ய வேண்டியது, கண்டதையும், கண்ட இடத்தையும், தன்னால் நெருங்க முடியாத காரணத்தையும் தொலைபேசியில் சொல்லிவிடுவதே. போகாமல் விடுவதைச் சட்டம் சில வேளைகளில் ஏற்றுக்கொள்கிறது. சொல்லாமல் விடுவதை அது ஏற்பதில்லை. இவ்விதிகளில் நம் கரையில் மிகக் குறைவாக அறியப்பட்டிருப்பது இந்த வேறுபாடுதான் என்பது என் எண்ணம்.

படகின் சொந்தக்காரர் ஒருவராகவும் ஓட்டுபவர் இன்னொருவராகவும் இருப்பது நம்மூரில் வழமை. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்குத் தேவை என்று கலத்தின் தலைவர் தன் தொழிலறிவின்படி எடுக்கும் முடிவைக் கலத்தின் உரிமையாளர் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ கூடாது என்று சோலாஸின் அதே ஐந்தாம் அத்தியாயத்தில் தனி விதி இருக்கிறது. வலையை விட்டுவிட்டுப் போனதற்காகவும் எரிபொருளைச் செலவழித்ததற்காகவும் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் ஏச்சு வாங்குவோமோ என்று ஓட்டி தயங்கும் இடத்தில் அந்த விதி அவர் பக்கம் நிற்கிறது. எரிபொருளுக்கான பணத்தை யார் கொடுப்பது என்பதை மட்டும் அது சொல்வதில்லை. 1989 ஆம் ஆண்டின் மீட்பூதியச் சமவாயத்தின்படி, காப்பாற்றப்பட்ட மனிதரிடமிருந்து கூலி கேட்க முடியாது. காப்பாற்றப்பட்ட உடைமைக்கே ஊதியம் உண்டு. உயிரைக் காப்பது கடமை, பொருளைக் காப்பது உடன்பாடு என்ற இந்தப் பிரிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு நாள் எண்ணெய்ச் செலவையே கடன் வாங்கிச் சமாளிக்கும் தொழிலாளியிடம் கடமையை மட்டும் வைத்துவிட்டுச் செலவைப் பற்றிப் பேசாமல் இருப்பது சட்டத்தின் ஒரு குறைதான்.

யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது

1979 ஆம் ஆண்டின் ஹம்பர்க் சமவாயம் கடலை மீட்புப் பிராந்தியங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒருங்கிணைப்பு நிலையம் ஒன்று இருக்க வேண்டும் என்ற முறையை ஏற்படுத்தியது. இலங்கையின் பொறுப்பில் உள்ள பிராந்தியம் நாட்டின் நிலப்பரப்பைப் போலச் சுமார் 27 மடங்கு பெரியது. கொழும்பில் கடற்படைத் தலைமையகத்தில் இயங்கும் கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையம் அதைக் கவனிக்கிறது. இந்தியாவின் நன்கொடையில் அமைக்கப்பட்டு 2024 ஜூனில் தொடக்கிவைக்கப்பட்ட புதிய ஏற்பாட்டில், அம்பாந்தோட்டையில் ஓர் உபநிலையமும், ஆளில்லாமல் இயங்கும் சில தொலைநிலையங்களும் உள்ளன. அத்தொலைநிலையங்களில் இரண்டு இந்த மாவட்டத்திலேயே, திருகோணமலையிலும் கல்லராவையிலும் இருக்கின்றன.

ஒருங்கிணைப்பு நிலையம் ஒரு தகவலை மூன்று கட்டங்களில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறது. குறித்த நேரத்துக்குப் படகு திரும்பவில்லை என்றால் அது ஐயநிலை. விசாரித்தும் தொடர்பு கிடைக்கவில்லை என்றால் எச்சரிக்கைநிலை. உடனடி உதவி தேவை என்று உறுதியானால் ஆபத்துநிலை. இவற்றுள் முதல் கட்டம் கரையில் இருப்பவர்களின் கையில் உள்ளது. மாலையில் போனவர் விடியற்காலை ஆறு மணிக்குள் வருவார் என்பது வீட்டில் இருப்பவருக்குத் தெரிந்திருந்தால்தான் ஒன்பது மணிக்கு அவர் வரவில்லை என்பது ஒரு தகவலாக மாறும். எங்கே போகிறோம், எத்தனை பேர் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போவதை மீட்புக் கைநூல்கள் முதல் விதியாக வைப்பதற்குக் காரணம் இதுவே. மீன் படும் இடத்தை மற்றப் படகுகளுக்குச் சொல்லாமல் மறைக்கும் தொழில் வழக்கம் இதற்கு நேரெதிரானது. வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவிட்டுப் போனால் தொழில் இரகசியமும் கெடாது.

வானொலியில் வி.எச்.எஃப் 16 ஆம் அலைவரிசையே அழைப்புக்கும் ஆபத்துக்கும் உரியது. அதன் அலைவெண் 156.8 மெகாஹேர்ட்ஸ். உயிராபத்து என்றால் ‘மேடே’ என்று மூன்று முறை. உயிராபத்து இல்லாத அவசரத்துக்கு ‘பான்-பான்’. அடுத்து வர வேண்டியவை படகின் பெயர் அல்லது பதிவிலக்கம், இருக்கும் இடம், ஆபத்தின் தன்மை, தேவைப்படும் உதவி, ஏறியிருப்பவர்களின் எண்ணிக்கை. வேறொருவரின் ஆபத்தைக் கண்டு அவருக்காக அழைப்பவர் ‘மேடே ரிலே’ என்று தொடங்க வேண்டும்; இல்லாவிட்டால் தேடி வருபவர்கள் ஆபத்தில் இருப்பது அழைத்தவரே என்று கருதிவிடுவார்கள். ஒருநாள் பைபர் படகுகளில் பெரும்பாலும் இருப்பது பொலித்தீன் பையில் சுற்றிய கைத்தொலைபேசிதான். அது கரைக்கு அண்மையில் பயன்படும் கருவி என்பதில் ஐயமில்லை. ஆனால் தொலைபேசி அழைப்பு ஒருவருக்கு மட்டுமே கேட்கும், 16 ஆம் அலைவரிசையில் பேசினால் எட்டும் தூரத்தில் உள்ள எல்லாக் கலங்களுக்கும் கேட்கும். அரை மைல் தள்ளி நிற்கும் படகுக்குத் தெரியாமல், கரையிலிருந்து உதவி வரும்வரை காத்திருக்கும் நிலை இதனால்தான் ஏற்படுகிறது.

இடத்தைச் சொல்வதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கைத்தொலைபேசி வரைபடம் அகலாங்கைத் தசமத்தில் காட்டும், ஜி.பி.எஸ். கருவிகளிலும் கடல் வரைபடங்களிலும் பாகையும், பாகையின் அறுபதில் ஒரு பங்கான கலையுமாக எழுதுவார்கள். திருகோணமலை நகரை ஒட்டி நிற்கும் ஒருவரின் தொலைபேசி 8.57 என்று காட்டும். அதன் பொருள் 8 பாகை 34 கலை. அதைக் கேட்டவர் 8 பாகை 57 கலை என்று எழுதிக்கொண்டால், தேடும் கலம் ஏறக்குறைய 23 கடல் மைல், அதாவது சுமார் 42 கிலோமீற்றர் வடக்கே, புல்மோட்டைப் பக்கத்துக்குப் போய்விடும். ஆகவே எண்ணைச் சொல்லும்போது ‘எட்டு தசம் ஐந்து ஏழு பாகை’ என்று முழுமையாகச் சொல்வதும், கூடவே, கோணேசர் கோயில் நிற்கும் குன்றை வைத்து ‘சுவாமிமலைக்கு நேர் கிழக்கே இத்தனை மைல்’ என்று கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளத்தைச் சேர்ப்பதும் நல்லது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கேட்பவர் உடனே திருப்பிக் கேட்பார்.

புறப்படுவதற்கு முன்

முறையான மீட்புப் படகுச் சேவைகள் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் கட்டளை, மீட்கப் போனவர் மீட்கப்பட வேண்டியவராக ஆகக் கூடாது என்பது. அதைச் சொல்வது எளிது. கரையில் ஒரு தாய் அழுதுகொண்டு நிற்கும்போது கடைப்பிடிப்பது கடினம். அதனால்தான் அந்த நேரத்து மனநிலைக்கு விட்டுவிடாமல், முடிவை ஒரு கணக்காக மாற்றும் முறைகள் உருவாக்கப்பட்டன. ஐக்கிய அமெரிக்கக் கரையோரக் காவற்படையில் வழங்கிவந்த ஒரு முறையில், மேற்பார்வை, திட்டம், குழுவினரின் தகுதி, அவர்களது உடல்நிலை, கடலும் வானிலையும், பணியின் சிக்கல் என்ற ஆறுக்கும் பூச்சியத்திலிருந்து பத்து வரை ஆபத்துப் புள்ளி இடுவார்கள். கூட்டுத்தொகை 23 வரை பச்சை, 24 முதல் 44 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. எண்களைவிட முக்கியமானது, படகில் ஏறும் ஒவ்வொருவரும் தனித்தனியே புள்ளி சொல்லி, பின்னர் ஒப்பிட்டுப் பார்ப்பது. எல்லோரும் பச்சை என்று சொல்லும்போது ஒருவர் மட்டும் சிவப்பு என்றால், அவர் எதையோ கண்டிருக்கிறார். குழுவில் வயதில் இளையவருக்கும் வாய் திறக்க உரிமை தருகிறது என்பதே இந்த முறையின் பெறுமதி. மூத்தவர் சொன்னால் மறுபேச்சில்லை என்ற நம் பழக்கத்தில் அந்த உரிமை தானாக வருவதில்லை.

கரையில் செய்ய வேண்டிய மற்றவை சுருக்கமானவை. ஏறும் எல்லோரும் உயிர்காப்பு அங்கியைப் படகில் வைத்துக்கொண்டால் போதாது, அணிந்திருக்க வேண்டும். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கும் தேடுவதற்கும், ஒரு பங்கு திரும்புவதற்கும், ஒரு பங்கு கையிருப்புக்கும் என்று பிரிக்க வேண்டும். இயந்திரத்தை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு ஓட்டியின் உடலில் கட்டப்பட்டிருக்க வேண்டும். இந்தக் கடைசி விதி நம் கரையில் அதிகம் புறக்கணிக்கப்படுவது. அலையில் ஓட்டி தூக்கி எறியப்பட்டால், ஆளில்லாத படகு வட்டமிட்டுத் திரும்பி அவர் மேலேயே ஏறும்; கயிறு கழன்றால் இயந்திரம் அந்தக் கணமே நிற்கும்.

மீட்புக்குப் போகிறோம் என்பதால் கடலில் வழியுரிமை கிடைத்துவிடுவதுமில்லை. 1972 ஆம் ஆண்டின் மோதல் தவிர்ப்பு விதிகளில் மீட்புப் படகுக்கென்று சலுகை எதுவும் இல்லை. கண்காணிப்பும் பாதுகாப்பான வேகமும் அதற்கும் பொருந்தும். கொட்டியாரக் குடாவுக்குள் சரக்குக் கப்பல் ஒன்று துறைமுகத்தை நோக்கி வந்துகொண்டிருக்கும் இரவில், ஒற்றை வெள்ளை விளக்குடன் அதற்குக் குறுக்கே பாய்ந்தோடும் பைபர் படகு கப்பலின் மேடையில் நிற்பவருக்குக் கடைசி வரை தெரியாமலும் போகலாம்.

தேடுதல்

படகைக் கடைசியாகக் கண்ட இடத்துக்குப் போய்த் தேடுவது இயல்பாக எழும் முடிவு. பெரும்பாலும் அது பிழையான முடிவும் கூட. அரை நொட் வேகத்தில் ஓடும் நீர், ஆறு மணி நேரத்தில் ஒருவரை மூன்று கடல் மைல் தள்ளிக் கொண்டுபோய்விடும். சர்வதேசக் கடல்சார் அமைப்பும் சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பும் சேர்ந்து வெளியிடும், மூன்று தொகுதிகளைக் கொண்ட ஐயாம்சார் கைநூல், தேடலின் தொடக்கப் புள்ளியை இந்த நகர்வைக் கணக்கிட்டே குறிக்கச் சொல்கிறது. நீரில் இருக்கும் மனிதர் பெரும்பாலும் நீரோட்டத்தோடு போகிறார். இயந்திரம் நின்றுபோன வெறும் படகைக் காற்றும் சேர்ந்து தள்ளுகிறது. இரண்டும் ஒரே இடத்தில் கவிழ்ந்து பிரிந்தாலும், சில மணி நேரத்தில் வெவ்வேறு திசைகளில் இருக்கலாம். படகு கிடைத்த இடத்தைச் சுற்றியே ஆளைத் தேடுவதில் உள்ள கோளாறு இதுதான்.

இந்தக் கணக்குக்குத் தேவையான அறிவு நம் தொழிலாளரிடம் ஏற்கெனவே இருக்கிறது. வாடைக் காலத்தில் கிழக்குக் கரையோரம் நீர் தெற்கு நோக்கி ஓடும். காற்றோ வடகிழக்கிலிருந்து கரையைப் பார்த்து வீசும். அக்காலத்தில் இயந்திரம் நின்ற படகு கரைப் பக்கம் வருவதற்கான வாய்ப்பு அதிகம். ஆனால் கரையில் அலை உடையும். தென்மேற்குப் பருவமான கச்சான் காலத்தில் கடல் கரையருகே அமைதியாகத் தோன்றும். ஆயினும் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், இயந்திரம் நின்ற படகு வங்காள விரிகுடாவுக்குள் போய்க்கொண்டே இருக்கும். திருகோணமலையில் கரைக்கு மிக அருகிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கிவிடுவதால், குடாவுக்கு வெளியே நங்கூரம் நிலத்தைத் தொடாத ஆழம் விரைவில் வந்துவிடுகிறது. அதனால் கயிற்றில் கட்டிய கூடையையோ வாளியையோ படகின் முன்முனையான அணியத்திலிருந்து நீரில் விட்டு, நகர்வைக் குறைப்பதும் படகின் முகத்தை அலைக்கு நேராக வைத்திருப்பதும் ஆபத்தில் இருப்பவர் செய்ய வேண்டியவை. தேடுபவரும் அவர் அப்படிச் செய்திருப்பாரா என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும்; கூடை கட்டிய படகு நெடுந்தூரம் போயிருக்காது.

தேடும் வடிவங்களில் சிறு படகுக்கு உகந்தவை இரண்டு. ஆள் விழுந்த இடம் நன்றாகத் தெரிந்திருந்தால் துண்டுத் தேடல்: அந்த இடத்தில் ஒரு மிதவையைப் போட்டுவிட்டு, அதிலிருந்து குறித்த தூரம் ஓடி, வலப்பக்கம் 120 பாகை திரும்பி, அதே தூரம் ஓடி, மறுபடியும் 120 பாகை திரும்பி மிதவைக்கு வருவது. இப்படி மூன்று முக்கோணங்கள் முடிந்தால் வட்டம் நிறையும். ஒவ்வொரு ஓட்டமும் அரைக் கடல் மைல் என்றால் மொத்தம் நான்கரை மைல். பத்து நொட் வேகத்தில் 27 நிமிடம். மிதவையும் நீரோடு சேர்ந்து நகர்வதால், நீரோட்டக் கணக்கு தானாகவே இதில் அடங்கிவிடுகிறது. வலைக்குக் கட்டும் மிதவையும் ஒரு கொடியும் இதற்குப் போதும். இடம் ஓரளவுதான் தெரியும் என்றால் விரியும் சதுரம்: முதல் இரண்டு ஓட்டங்கள் ஓர் இடைவெளி (அருகருகே அமையும் ஓட்டங்களுக்கு நடுவே விடும் தூரம்) நீளம், அடுத்த இரண்டும் இரண்டு இடைவெளி, அதற்கடுத்தவை மூன்று என்று, ஒவ்வொரு முறையும் 90 பாகை திரும்பிக்கொண்டே விரிவது.

அந்த இடைவெளி எவ்வளவு என்பதில்தான் தேடல் வெல்வதும் தோற்பதும் இருக்கிறது. வணிகக் கப்பல்களுக்காக ஐயாம்சார் தரும் அட்டவணையில், பத்துக் கடல் மைல் வரை தெளிவாகத் தெரியும் பகலில், நீரில் இருக்கும் ஒருவரைத் தேடுவதற்கான இடைவெளி 0.6 கடல் மைல். நால்வருக்கான உயிர்காப்புத் தெப்பத்துக்கு அதே நிலையில் 4.2 மைல். இந்த வேறுபாடே, படகை விட்டு நீந்தப் போகாதீர்கள் என்று சொல்லப்படுவதன் காரணத்தை விளக்கப் போதுமானது. கடல் ஒன்றிலிருந்து ஒன்றரை மீற்றர் வரை எழுந்தால் நீரில் இருப்பவருக்கான இடைவெளியைப் பாதியாக்க வேண்டும். அதற்கும் மேலே எழுந்தால் கால்பங்காக, அதாவது 280 மீற்றர் அளவுக்குக் குறைக்க வேண்டும். இவையெல்லாம் உயரமான மேடையிலிருந்து பார்ப்பவருக்கான எண்கள். பைபர் படகில் உட்கார்ந்திருப்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து ஒன்றரை மீற்றர்கூட இருக்காது. அலையின் முகட்டில் இருக்கும்போது மட்டுமே அவருக்கு எதிரே உள்ள தலை தெரியும். ஆகவே சிறு படகு இன்னும் நெருக்கமாகத் தேட வேண்டும். பத்துப் படகுகள் ஆளுக்கொரு பக்கம் பாய்ந்தோடி நான்கு மணி நேரம் தேடுவதைவிட, மூன்று படகுகள் நூறு நூற்றைம்பது மீற்றர் இடைவெளியில் வரிசையாக, மெல்ல ஓடுவது பயன் தரும். ஊர் திரண்டு தேடும்போது காணப்படும் வேகமும் பரபரப்பும் மனிதத்தன்மை மிக்கவை; ஆனால் எந்தப் பகுதி பார்க்கப்பட்டது, எது பார்க்கப்படவில்லை என்று பின்னர் யாராலும் சொல்ல முடிவதில்லை.

இரவில் இன்னொரு விதி சேர்கிறது. சில நிமிடங்களுக்கு ஒரு முறை இயந்திரத்தை நிறுத்தி, பேச்சையும் நிறுத்தி, காது கொடுக்க வேண்டும். வெளியிணைப்பு இயந்திரத்தின் இரைச்சலில், ஐம்பது மீற்றரில் ஒருவர் கூப்பிடுவதும் விசில் ஊதுவதும் கேட்காது. நம் கடலின் வெப்பம் பெரும்பாலும் 27 பாகை செல்சியசுக்கு மேலேயே இருப்பதால், குளிர்ந்த நாடுகளில் போல ஒருவர் ஒரு மணி நேரத்தில் செயலிழப்பதில்லை. மிதப்பதற்கு ஏதேனும் கிடைத்தவர் நெடுநேரம் உயிரோடு இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டுதான் தேட வேண்டும்.

நெருங்குதலும் தூக்குதலும்

தன் படகிலிருந்தே ஒருவர் விழுந்துவிட்டால், கண்டவர் கையை நீட்டி அவரைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வேறெந்த வேலையும் அவருக்கு இல்லை. ஓட்டி, ஆள் விழுந்த பக்கமே படகைத் திருப்ப வேண்டும். அப்போது பின்பக்கமும் சுழலியும் அவரை விட்டு விலகும். வெளியிணைப்பு இயந்திரத்தில் இதற்குக் கைப்பிடியை எதிர்ப்பக்கம் தள்ள வேண்டியிருக்கும்: ஆள் இடப்பக்கம் விழுந்தால் கைப்பிடி வலப்பக்கம். பதற்றத்தில் கை பிழையான பக்கம் போகும் என்பதால் இதைப் பலமுறை பழக வேண்டும். திரும்பி வரும்போது அணியத்தைக் காற்றுக்கு எதிராக வைத்து மெல்ல நெருங்கி, ஆள் படகின் நடுப்பகுதிக்கு நேரே வந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். நியூட்ரலில் வைப்பதைவிட நிறுத்துவதே மேல். தவறிப்போய்க் கியரில் கை பட்டால் காப்பாற்ற வந்த படகே காயப்படுத்தும்.

பைபர் படகின் விளிம்பு தாழ்வாக இருப்பது தூக்குவதற்கு வசதி. கவிழ்வதற்கும் அதே வசதி. இருவர் ஒரு பக்கம் குனிந்து தூக்கினால், மூன்றாமவர் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நீரில் நெடுநேரம் கிடந்தவரைக் கைகளைப் பிடித்து நிமிர்த்தித் தூக்கினால், உடலைச் சுற்றியிருந்த நீரழுத்தம் திடீரென நீங்குவதால் இரத்த அழுத்தம் சரிந்து, படகில் ஏறியபின் மயங்கி இறந்துபோகவும் கூடும். அதனால் இயன்றவரை கிடையாகத் தூக்கச் சொல்கிறார்கள். இதற்கு வலைத்துண்டு ஒன்றே போதும். அதன் ஒரு விளிம்பைப் படகின் உட்பக்கம் கட்டி, மற்ற விளிம்பை நீருக்குள் இறக்கி, ஆளை அதன் மடிப்பில் படகுக்கு இணையாகக் கிடத்தி, வெளிவிளிம்பை இழுத்தால் அவர் உருண்டு மேலே வருவார். உடல் வலுவில்லாதவரும் பெரிய உடம்புக்காரரைத் தூக்க உதவும் முறை இது. ஏற்றியபின் படுக்கவே வைக்க வேண்டும். ‘எழும்பி இருங்க அண்ணே’ என்று உட்கார வைப்பது அன்பினால் செய்யும் கேடு.

பலர் ஒன்றாக நீரில் இருந்தாலோ, நிறைந்து வழியும் கலம் ஒன்று எதிரே இருந்தாலோ, விதிகள் தலைகீழாக மாறுகின்றன: உடனே நெருங்கக் கூடாது. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இடத்தில் மாற்றுவழியாக ஆட்களை ஏற்றிக் கடந்த மிதவைப் பாதை கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்ததை இம்மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே முதலில் நீரில் இறங்கியவர்கள் அயலில் இருந்தவர்களே. அத்தகைய நேரத்தில் ஒரு சிறு படகு கூட்டத்தின் நடுவே நுழைந்தால், இருபது கைகள் ஒரே விளிம்பைப் பற்றும். முதலில் செய்ய வேண்டியது, சற்றுத் தள்ளி நின்று மிதக்கக்கூடிய எல்லாவற்றையும் வீசுவது: அங்கிகள், காற்றடைத்த குழாய்கள், வெறும் எண்ணெய்க் கலன்கள், வலை மிதவைகள். பிறகு ஓரத்தில் இருப்பவர்களிடமிருந்து தொடங்கி, படகு தாங்கும் எண்ணிக்கையை மட்டும் ஏற்ற வேண்டும். நிறைந்த கலத்தை நெருங்குபவர்கள், அதன் பக்கவாட்டில் போய் ஒட்டக் கூடாது. எல்லோரும் அந்தப் பக்கம் எழுந்து வருவார்கள், கலம் சரியும். தள்ளி நின்று, உட்காரும்படி கையால் காட்டி, ஒருவரைப் பேச வைத்து, எத்தனை பேர், எத்தனை குழந்தைகள், தண்ணீர் இருக்கிறதா, கலத்துக்குள் நீர் ஏறுகிறதா என்று கேட்டுக் கரைக்கு அறிவிப்பதே அந்தச் சிறுபடகு செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. கவிழ்ந்த படகின் மேல் இருப்பவர்களிடமும் முதல் கேள்வி எண்ணிக்கைதான்: மொத்தம் எத்தனை பேர் வந்தீர்கள்? அந்த எண் தெரியாமல் தேடலைத் தொடரவும் முடியாது, முடிக்கவும் முடியாது.

கட்டியிழுத்தல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடற்றொழிலாளருக்குத் தெரிந்த வேலை. கயிற்றின் நீளத்தை இரு படகுகளும் ஒரே நேரத்தில் அலை ஏறி ஒரே நேரத்தில் இறங்கும்படி வைப்பதும், இறுகிய கயிற்றின் நேர்க்கோட்டில் யாரும் நிற்காமல் இருப்பதும் போதும். ஆட்களை முதலில் எடுத்துவிட்டால் படகை விட்டுவிடலாம் என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்க வேண்டும். சொந்தக்காரருக்கு அது கசப்பாக இருக்கும்.

பொறுப்பு எப்போது முடிகிறது

மீட்கப்பட்டவர்களைக் கொண்டுவந்து இறக்கும்வரை மீட்டவரின் பொறுப்பு நீடிக்கும். அதே வேளையில், 2006 இல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களின்படி, மீட்ட கலத்தை அதன் பயணத்திலிருந்து இயன்றவரை குறைவாக விலகச் செய்து அப்பொறுப்பிலிருந்து விடுவிப்பதும், பாதுகாப்பான இடத்தில் ஆட்களை இறக்க வழிசெய்வதும் அரசுகளின் கடமை. அகதிகளை ஏற்றினால் வழக்கில் மாட்டுவோமோ என்ற அச்சம் நம் கரைகளில் இருப்பது உண்மை. அந்த அச்சத்துக்கு விதிகள் தரும் விடை, கண்டவுடன் அறிவித்துவிடுவது, அறிவித்த நேரத்தைக் குறித்துவைப்பது, கிடைத்த அறிவுறுத்தலின்படி நடப்பது என்பதே. 2022 நவம்பரில் வியட்நாமுக்கு அருகே 303 இலங்கையர்கள் ஒரு ஜப்பானியக் கப்பலால் காப்பாற்றப்பட்டபோது, அக்கப்பலின் தலைவர் அவர்கள் எதற்காகப் புறப்பட்டார்கள் என்று ஆராய்ந்துவிட்டு உதவவில்லை.

தேடலை நிறுத்தும் முடிவு சிறுபடகுக் குழுவுக்கு உரியதன்று. ஒருங்கிணைப்பு நிலையத்துக்கே உரியது. இருந்தும் அந்த முடிவு எதன் மேல் எடுக்கப்படுகிறது என்பது குழு கொடுக்கும் அறிக்கையைப் பொறுத்தது: எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எவ்வளவு இடைவெளியில் ஓடினோம், அலை எவ்வளவு இருந்தது, எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் காணவில்லை என்ற அறிக்கைக்கும் இந்த விவரங்கள் வேண்டும், ஏனென்றால் பார்த்து இல்லாததும் பார்க்காமல் விட்டதும் வேறு. அதிகாரபூர்வத் தேடல் நிறுத்தப்பட்ட பிறகும் உறவினர்களும் ஊர்ப் படகுகளும் தொடர்ந்து தேடுவது இக்கரையின் வழக்கம். அதை எந்த விதியும் தடுப்பதில்லை. புதிதாக ஒரு தடயம், ஒரு கலனோ, செருப்போ, வலைத்துண்டோ கிடைத்தால், கிடைத்த இடத்தையும் நேரத்தையும் அறிவிக்க வேண்டும். அத்தடயத்தை வைத்து நிறுத்திய தேடலை மீண்டும் தொடங்க ஒருங்கிணைப்பு நிலையத்துக்கு அதிகாரம் உண்டு.